நின்றும் நிற்காத தண்டு

கடலூரில் ரயிலேறிச் சிதம்பரம் போகிறவர்கள் பரங்கிப்பேட்டை தாண்டியதுமே கோபுரத்தைத் தேடத் தொடங்குவது வழக்கம். சென்ற அறுவடைக் காலத்தில் நமக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கிள்ளையில் எதிர் வண்டிக்காக நமது ரயில் காத்து நின்றபோது, பக்கத்து வயலில் ஒரு பழைய டிராக்டர் வைக்கோலை வாரிச் சுருட்டிக்கொண்டு போவதைக் கண்டோம். திடீரென்று டிராக்டர் நின்றது. அதன் பின்னாலிருந்த சுருட்டு யந்திரமோ நிற்காமல் சுழன்றுகொண்டேயிருந்தது. வேஷ்டியை மடித்துக் கட்டிய வாலிபர் ஒருவர் கீழே குதித்து, சிக்கிக்கொண்ட கயிற்றை நோக்கிக் குனிந்தார். அதற்குள் நமது ரயில் நகர்ந்துவிட்டது.

சிதம்பரத்தில் ஒரு பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னோம். அவர் வைக்கோலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "என்ஜினை நிறுத்திட்டு இறங்கினாருங்களா?" என்றுதான் கேட்டார்.

டிராக்டரின் முதுகில் பல் வெட்டிய சிறு தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறைகளில் இதற்குப் 'பி.டி.ஓ.' என்று பெயர். என்ஜினின் பலம் இதன் வழியாகத்தான் பின்னால் பூட்டிய கருவிக்குப் போகிறது. இது வருவதற்கு முன் கருவிகள் தம் சொந்தச் சக்கரம் தரையில் உருளுவதைக் கொண்டே இயங்கின; ஈர மண்ணில் சக்கரம் வழுக்கினால் வேலையும் நின்றுபோகும். வீராணத்துத் தண்ணீர் பாயும் களிமண்ணை அறிந்தவர்களுக்கு இந்தச் சங்கடத்தை விவரிக்க வேண்டியதில்லை. 1918-இல் அமெரிக்காவின் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் இத்தகைய தண்டு பொருத்திய டிராக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் பழைய வண்டிகளில் ஒரு குறை இருந்தது. கிளச்சு ஒன்றே ஒன்று. அதை மிதித்தால் சக்கரமும் நிற்கும், தண்டும் பலமிழக்கும். 1946-இல் வெளிவந்த பெர்குஸன் டி.இ.20 இந்த ஜாதியைச் சேர்ந்தது; அதில் கிளச்சை மிதித்தால் கருவியைத் தூக்கும் எண்ணெய்ப் பம்பும் கூடவே நின்றுவிடும். வைக்கோல் சுருட்டுவதற்கு இது பெரிய இடைஞ்சல். உருளை நிறைந்தவுடன் வண்டி நிற்க வேண்டும்; யந்திரமோ சுழன்று கயிறு சுற்ற வேண்டும். ஓட்டுகிறவர் கிளச்சை மிதித்து, கியரை விலக்கி, மறுபடி கிளச்சை விட்டால்தான் தண்டு சுழலும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. கனமான சக்கரம் சுழலும் புல்வெட்டி போன்ற கருவியைப் பூட்டியிருந்தால், கிளச்சை மிதித்த பிறகும் அந்தச் சக்கரத்தின் வேகம் தண்டின் வழியே திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். எதிரே வாய்க்கால் இருந்தால் என்னாகும் என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்! சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரம் தனியே ஓடுகிறதல்லவா, அதே தத்துவத்தில் செய்த ஒரு இணைப்பைத் தண்டில் மாட்டினால் இந்த வம்பு ஒழியும்.

பின்னால் வந்தது இரட்டைக் கிளச்சு. பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும்; முழுதும் மிதித்தால் தண்டும் நிற்கும். இதைத்தான் 'உயிருள்ள' தண்டு என்கிறார்கள். 1950-களின் மாஸி பெர்குஸன் 35 இந்த ஏற்பாட்டோடும் கிடைத்தது. சென்னையில் 1960-இல் தோன்றிய டாபே கம்பெனி அந்தக் குடும்பத்து வண்டிகளை இங்கே செய்யத் தொடங்கியபின், இரட்டைக் கிளச்சு நம்மவர்களுக்கும் பழகிப்போயிற்று. இதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: வண்டி ஓடும்போது தண்டை மட்டும் நிறுத்த முடியாது. அதற்குத் தண்டுக்கென்றே தனிக் கிளச்சும் தனிப் பிடியும் வேண்டும். கனடாவின் காக்ஷட் கம்பெனியார் தங்கள் '30' வண்டியில் 1940-களிலேயே அதைச் செய்துவிட்டார்கள். அதுவே சுதந்திரத் தண்டு.

சௌகரியம் வாஸ்தவந்தான். ஆயினும் பட்டறைக்காரரின் கேள்வி நம்மை விடவில்லை. ஒற்றைக் கிளச்சு வண்டியிலேயே, கியரை விலக்கிவிட்டு இறங்கினால் தண்டு சுழன்றுகொண்டிருக்கும். புதிய வண்டியிலோ, நின்றபடி சுழல்வதுதான் அதன் குணம். 'வண்டிதான் நிற்கிறதே' என்று அருகே போகிறவர் ஏமாந்துபோவார். நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது தண்டின் பொது வேகம். அதாவது விநாடிக்கு 9. தண்டின் சுற்றளவு நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: எட்டு முழ வேஷ்டியை நாலு விநாடியில் சுருட்டிவிடும். வேஷ்டிக்குள் இருக்கும் மனிதர் கூச்சலிடக்கூட அவகாசமில்லை. புடவைத் தலைப்புக்கும் இதே கணக்குத்தான். களத்துக்குச் சாப்பாடு எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் அல்லவா?

கதிரடிக்கும் யந்திரங்களில் கையிழந்தவர்கள் பெருகியதால் 1983-இல் பாராளுமன்றத்தில் அபாய யந்திரச் சட்டமே வந்தது. தண்டுக்கு உறையும் உண்டு. தண்டு உள்ளே சுழல, உறை அசையாமல் நிற்கும். ஆனால் எண்ணெயிட இடைஞ்சல் என்று அதைக் கழற்றுகிறவர்கள் மறுபடி மாட்டுவதில்லை. நமது பட்டறைக்காரர் என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிய பிறகே தண்டருகே போகிறார்.

ஊரில் நிலமும் டிராக்டரும் வைத்திருக்கும் நேயர்கள், உறை எந்தப் பரணில் கிடக்கிறதென்று இந்த வாரமே கடிதம் எழுதி விசாரிக்கலாம்.