எந்த நூல், எந்தக் குழந்தைக்கு?

குழந்தைகளுக்கு நல்ல நூல்களைப் பரிந்துரைக்க வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எது நல்ல நூல் என்னும் இடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன. பெரியோர் தரும் பட்டியல்களை நோக்கினால், நீதிக்கதைகளும் சான்றோர் வரலாறுகளும் பொது அறிவுத் தொகுப்புகளுமே அவற்றில் மிகுந்திருக்கக் காணலாம். இவற்றால் தீங்கேதும் இல்லை. ஆயினும், வாசிக்கப்போகும் குழந்தை யார் என்று கேளாமலே இப்பட்டியல்கள் எழுதப்படுகின்றன. பரிந்துரை அக்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நூலகவியல் அறிஞர் சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது; நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. வாசகரை முன்னும் நூலைப் பின்னும் அவர் வைத்த வரிசை கருதத்தக்கது.

முல்லைப்பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். நெல்லும் திராட்சையும் வாழையும் விளையும் மண் அது. எனினும் அங்குள்ள பல குடும்பங்களின் பிழைப்பு மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இருக்கிறது. காலையில் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளிச் சாலைகளில் ஏறிச் செல்லும் ஜீப்புகள், மாலையில்தான் தொழிலாளரை இறக்கிவிடுகின்றன. பள்ளி விட்டு வந்து, தம்பிக்குச் சோறு போட்டு, தாய் வரும்வரை வீட்டைக் காக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் பெற்றோர் சொல் கேட்டு நடக்குமாறு அறிவுறுத்தும் கதை எதைப் புதிதாகச் சொல்லிவிடும்? அவள் அவ்வாறுதான் நடந்துகொண்டிருக்கிறாள். தன்னைப் போலவே பொறுப்பைச் சுமக்கும் ஒருத்தியை அவள் நூலில் காண வேண்டும். அல்லது அரைமணி நேரமாவது அப்பொறுப்பை மறந்து சிரிக்க வேண்டும். சிரிக்க வைக்கும் நூல்களையும் படக்கதைகளையும் பட்டியலில் சேர்க்கப் பெரியோர் ஏனோ கூச்சப்படுகின்றனர். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வை ஒளித்து வைத்துப் படித்தே வாசகரானவர்கள்கூடத் தம் பிள்ளைகளுக்கு அத்தகைய நூலை வாங்கித் தருவதில்லை.

கதையே பிடிக்காது என்னும் சிறுவனும் உண்டு. மேகமலை அடிவாரத்தில் வாழும் அவனுக்கு, ஜிம் கார்பெட் 1944இல் எழுதி, தி.ஜ.ர. தமிழாக்கிய 'குமாயுன் புலிகள்' ஏற்றது. அவன் அன்றாடம் நிமிர்ந்து பார்க்கும் மலை, 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. நூலில் இரத்தம் வருகிறதே எனச் சில பெற்றோர் அஞ்சக்கூடும். வருவது உண்மையே. ஆனால், புலி ஏன் மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது என்பதைக் கார்பெட் விளக்கும் பகுதி அச்சத்தைத் தணிக்கும் தன்மையது. குண்டடிபட்ட காயமோ, முள்ளம்பன்றியின் முள் தைத்த புண்ணோ, முதுமையோ இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் செய்யும்போதுதான் அது அந்நிலைக்குத் தள்ளப்படுகிறது என்கிறார் அவர். காலடித் தடத்தைக்கொண்டு விலங்கின் வயதையும் நடையையும் அவர் கணிக்கும் பக்கங்களைப் படித்த சிறுவன், மறுநாள் ஓடைக்கரை மணலைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

சொந்த மண்ணைப் பற்றிய நூல் என்பதாலேயே ஒரு நூல் எல்லா வயதினருக்கும் பொருந்திவிடாது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக நிலமும் வீடும் இழந்த மக்களின் வாழ்வைச் சொல்வது வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இப்புதினத்தைப் பதினாறு வயதினர் முழுமையாக வாசிக்கலாம். பன்னிரண்டு வயதினருக்கு அதன் துயரம் பாரமாகும். அவர்களுக்கு ஓர் அத்தியாயத்தை மட்டும் வீட்டிலுள்ள முதியவர் அருகில் இருக்க உரக்கப் படிக்கச் செய்யலாம். அதில் வரும் உழவுச் சொற்களுக்கும் அடுக்களைச் சொற்களுக்கும் பாட்டியிடம்தான் பொருள் கேட்க வேண்டியிருக்கும். அச்சொற்களை அறிந்த பாட்டி, எழுத்தறியாதவராயினும், அந்நூலின் ஆசிரியையாகிவிடுவார்.

துயரம் கலந்த நூல்களைவிடப் பெரியோர் மிகுதியாகத் தயங்குவது வேறொரு வகை நூலுக்கு. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. தவறான தொடுதலுக்கு உள்ளாகும் சிறுமி, பேசும் மரப்பாச்சிப் பொம்மையின் துணையால் அச்சம் நீங்குவதை அது சொல்கிறது. இதைச் சிறுவர் கையில் கொடுக்கலாமா என்பது வீடுகளில் எழும் வினா. கொடுக்கத்தான் வேண்டும், சிறுமியருக்கு மட்டுமன்றிச் சிறுவருக்கும் கொடுக்க வேண்டும். இதனை மறைப்பதால் குழந்தைக்குப் பாதுகாப்பு கூடிவிடுவதில்லை. நேர்ந்ததைச் சொல்லும் சொற்கள்தாம் அதற்குக் கிடைக்காமல் போகின்றன. ஆயினும், இதனை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது போதாது. கொடுப்பவர் முன்னரே தாம் படித்திருக்க வேண்டும். பின்னர் குழந்தை எதைக் கேட்டாலும் காது கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

நூலைக் கொடுப்பவர் எவ்வளவு கவனமாக இருத்தல் வேண்டும் என்பதைக் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதை நுட்பமாகக் காட்டுகிறது. சுற்றியுள்ள குழந்தைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவரும் அன்பான மனிதர், இருவருக்கு மட்டும் நாட்குறிப்பேடுகளைப் பரிசளிக்கிறார். சாரங்கன் என்னும் சிறுவன் விடுபட்டுப்போகிறான். பின்னர் அவன் தானே ஒரு நாட்குறிப்பேட்டைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பாகத் தந்ததாக அவரையே எழுதித் தரச் சொல்கிறான். பொருளைவிடத் தன் பெயர் நினைவுகூரப்பட வேண்டும் என்பதே அவன் ஏக்கம். வகுப்பு முழுமைக்கும் ஒரே பட்டியலை ஒட்டிவைக்கும்போது விடுபட்டுப்போவதும் இதுவே.

அவ்வகையில், ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு நூலைப் பரிந்துரைக்கப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் மிகவும் தகுதியானவர். அவ்வயதில் எது பிடித்தது, எது சலித்தது என்பது அவருக்கு இன்னும் மறந்திருக்காது. தெருவில், விடுதியில், பேருந்தில் உடன் வரும் ஒரு குழந்தைக்குத் தாம் விரும்பிப் படித்த ஒரே ஒரு நூலைப் பெயர் சொல்லி அழைத்துக் கொடுக்கலாம். படித்து முடித்ததும் என்ன நீதி கற்றாய் என்று கேட்க வேண்டியதில்லை. பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னக் 1992இல் வாசகரின் உரிமைகள் எனப் பத்தினை வகுத்தபோது, நூலைப் பாதியில் விட்டுவிடுவதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். நாற்பதாம் பக்கத்தில் நூல் திரும்பி வந்தால் வாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் சலித்தது என்று மட்டும் கேட்டறிந்து, அடுத்த நூலைத் தேடலாம்.