மலையேறிய உழைப்பு

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்குச் செல்லும் மலைத்தொடர்வண்டியைக் காண்போரின் கண்கள் பெரும்பாலும் அதன் நீராவி இயந்திரத்திலேயே நிலைத்துவிடுகின்றன. ஒரு மரபுச் சின்னத்தின் உயிர் இரும்பில் இருக்கிறதா, அவ்விரும்பை இயக்கக் கற்ற கைகளில் இருக்கிறதா? கைகளில்தான் என்பதே என் கருத்து.

இப்பாதைக்கான திட்டம் 1854இலேயே எழுந்தது. எனினும் குன்னூர் வரை வண்டி ஓடியது 1899இல்தான். உதகமண்டலத்தை எட்டியது 1908இல். ஏறத்தாழ 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் 208 வளைவுகளும் 16 குகைப்பாதைகளும் 250 பாலங்களும் உள்ளன. கடல்மட்டத்திற்கு மேல் 326 மீட்டரில் புறப்படும் வண்டி, 2203 மீட்டர் உயரத்தை அடைகிறது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் மிகக் கடுமையானது. சில இடங்களில் பன்னிரண்டு அடி முன்னேறினால் ஏறத்தாழ ஓரடி உயர வேண்டும். ஆகவே, தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டங்களைப் பதித்தனர். இயந்திரத்தின் பற்சக்கரம் அவற்றைப் பற்றி ஏறுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது.

பொறியாளரின் பெயரை வரலாறு காத்தது. பாறை உடைத்து, மண் சுமந்து பாதை அமைத்த கூலித் தொழிலாளர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நீலகிரியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. வெளியிலிருந்து வந்த கரியே பல்லாண்டுகள் கொதிகலனை எரித்தது. ஏற்றத்தில் நீராவியின் அழுத்தம் குறையாதவாறு, அனலின் முன் நின்று கரியை அள்ளியிட்டவர் ஃபயர்மேன். கோயில் தேரின் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை இடுபவரைப் போல, இறக்கத்தில் பெட்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவர் பிரேக்மேன். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையைச் சீராக்குவோர் இருப்புப்பாதைப் பணியாளர்கள். இவர்களது திறன் ஏட்டில் மட்டும் கற்கக்கூடியதன்று. மூத்தவரின் அருகில் நின்று பழகி இளையவர் பெற்றது. அத்தொடர்ச்சி ஒரு தலைமுறையில் அறுந்துபோனால், பளபளக்கும் இயந்திரம் வெறும் காட்சிப் பொருளாகிவிடும்.

சுற்றுலாப் பயணிகளுக்காக வண்டி ஓடினாலே போதாதா என்று சிலர் வினவலாம். பயணிகளின் கட்டணம் வண்டி ஓடத் துணைசெய்யும் என்பது உண்மையே. ஆனால், பயணி காண்பது ஒருநாள் அழகு. பணியாளர் காப்பதோ நூறாண்டு அறிவு. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இப்பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்பெருமையில் இவ்வுழைப்பிற்கும் உரிய பங்கு உண்டு.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பாலமோ, ஆலையோ, அணையோ இருக்கும். அதனைக் கட்டியவர்களும் இயக்கியவர்களும் இன்னும் நம்மிடையே வாழக்கூடும். அவர்களைத் தேடிச் சென்று வினவுங்கள். அவர்கள் கூறுவதைப் பெயருடனும் ஆண்டுடனும் எழுதி வையுங்கள். ஆவணங்கள் விட்டுச்சென்ற இடத்தை வாய்மொழி வரலாறுதான் நிரப்பும். அதனைக் கேட்கும் செவிகள் இன்றே வேண்டும்.