அடைக்கலம் குற்றமாகுமோ?



அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையிலுள்ள எல் பாசோ நகரில், அனன்சியேஷன் ஹவுஸ் என்னும் கத்தோலிக்க அடைக்கல இல்லம் இருக்கிறது. மரியாளுக்குத் தேவதூதன் சொன்ன நற்செய்தியின் பெயரைத் தாங்கிய இல்லம் அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் புலம்பெயர்ந்து வருவோருக்கு உணவும் உறைவிடமும் அளித்துவருகிறது. அதை மூடிவிடவேண்டுமென்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பாக்ஸ்டன் வழக்குத் தொடுத்திருக்கிறார்.

2024 பிப்ரவரியில் அவருடைய அலுவலர்கள் இல்லத்தின் ஆவணங்களைக் கேட்டனர். அளித்த அவகாசம் ஒரே நாள். இல்லத்தார் ஓடி ஒளியவில்லை. எவற்றைத் தரவேண்டுமென்று தீர்ப்புரைக்க நீதிமன்றத்தை நாடினர். மறுமொழியாக வந்ததோ, இல்லத்தையே மூடுவதற்கான வழக்கு. அவ்வாண்டு ஜூலையில் எல் பாசோ நீதிபதி அரசின் முயற்சியைத் தடுத்தார். 2025 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கி, வழக்கு தொடரலாம் என்றது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாக அது கூறவில்லை.

சாட்டப்பட்ட குற்றம் என்ன? ஆட்கடத்தலுக்குத் துணைநின்று, வந்தவர்களை மறைத்துவைத்தார்களாம். யாரிடமிருந்து மறைத்தார்கள்? விருந்தினரில் பலரை அவ்வாசலில் கொண்டுவந்து விட்டவர்கள் மத்திய அரசின் எல்லைக் காவல் அதிகாரிகளே! ஓர் அரசு கையளித்தவரை ஏற்றுக்கொள்வது மற்றோர் அரசின் பார்வையில் கடத்தலாகிவிடுமோ?

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படிய வேண்டாமா, போதகரே? ரோமர் 13 அப்படித்தானே போதிக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். ஆம், கீழ்ப்படியவேண்டும். அறநிலையங்களின் கணக்கைக் கேட்க அரசுக்கு உரிமையுண்டு. ஆனால் நீதிபதியின் தீர்ப்பை நாடுவது கீழ்ப்படியாமை அன்று. அதுவே சட்டத்தின் வழி. மேலும், 13-ஆம் அதிகாரத்தை எழுதிய பவுலே அதற்கு முந்தின 12-ஆம் அதிகாரத்தில் அந்நியரை உபசரிக்கும்படி கட்டளையிட்டார். ஒன்றை உரக்க வாசித்து மற்றொன்றைத் தாண்டிச் செல்ல நமக்கு உரிமை தந்தது யார்?

ஏரோதின் ஆட்சியில் பாலகனாகிய இயேசுவும் எல்லை கடந்து எகிப்துக்குப் போனார். அங்கே அந்தக் குடும்பத்துக்குக் கதவு திறந்தவர் யாரென்று நாம் அறியோம், கர்த்தர் அறிவார். மத்தேயு 25 காட்டும் நியாயத்தீர்ப்பு நாளில், அந்நியனைச் சேர்த்துக்கொண்டாயா என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

இவ்வாரம் ரோமர் 12-ஐயும் 13-ஐயும் ஒருசேர வாசியுங்கள். அந்த இல்லத்துக்காக மட்டுமல்ல, வழக்குத் தொடுத்தவருக்காகவும் ஜெபியுங்கள். பின்பு எழுந்துபோய், உங்கள் வாசற்கதவு எப்படி இருக்கிறதென்று பாருங்கள்.

ஆமென்.