மேடை கோவையில்! கொதிகலன் நெய்வேலியில்!

2021 பிப்ரவரி 25. கோவை கொடிசியா வளாகத்தில் சர்க்கார் விழா. பிரதம மந்திரி நரேந்திர மோடி வந்தார். முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி உடனிருந்தார். நெய்வேலி புதிய அனல் மின் நிலையம் நாட்டுக்கு அர்ப்பணம் செய்யப்பட்டது. 500 மெகாவாட் வீதம் இரண்டு யூனிட்டுகள். மொத்தம் 1,000 மெகாவாட். செலவு சுமார் 8,000 கோடி ரூபாய்.

நெய்வேலி எங்கே, கோவை எங்கே? இடையில் சுமார் 300 கிலோமீட்டர்! அன்று காலையில் பிரதம மந்திரி இருந்தது புதுச்சேரியில். புதுச்சேரியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் நெய்வேலி வந்துவிடும். பக்கத்தில் இருந்த நெய்வேலியை விட்டுவிட்டு மேற்கே பறந்துபோய், அங்கே நின்றுகொண்டு நெய்வேலியைத் திறந்துவைத்தார்கள்.

முதல் யூனிட் 2019 டிசம்பரிலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. மின்சாரம் ஓடி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடக்கத் தொடங்கிய பிறகு தாய்க்கு வளைகாப்பு நடத்திய கதைதான் இது. அந்த வளைகாப்பும் தாய் இல்லாத ஊரில்!

ஏன் அந்த நாள்? ஏன் அந்த ஊர்? மறுநாள், பிப்ரவரி 26ந் தேதி, சட்டமன்றத் தேர்தல் தேதிகளைத் தேர்தல் கமிஷன் அறிவித்தது. அறிவித்துவிட்டால் நடத்தை விதி வந்துவிடும். சர்க்கார் செலவில் திரை விலக்க முடியாது. கோவையில் அதே நாளில் பி.ஜே.பி. பொதுக்கூட்டமும் நடந்தது. சர்க்கார் மேடையிலிருந்து கட்சி மேடைக்கு! ஒரே பயணம், ஒரே ஊர், ஒரே முகம். இதற்குப் பெயர் அர்ப்பணமா, ஓட்டு வேட்டையா? ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் தீர்ப்புச் சொல்லட்டும்.

இன்று சர்க்கார் விழா என்பது தனித் தொழிலாகிவிட்டது. விழாவை வடிவமைக்க ஒரு கம்பெனி, டெண்டர், ஒப்பந்தம். பின்திரைக்கு என்ன வண்ணம், எந்தக் கோஷம், எந்த அளவில் யார் படம், எந்த நிமிஷத்தில் பட்டனை அழுத்துவது, அழுத்தியதும் திரையில் எந்தக் குறும்படம் ஓடுவது என்று அத்தனையும் கணக்குப் போட்டுச் செய்கிறார்கள். பந்தல்கால் நட்டவன், இரவெல்லாம் பிளெக்ஸ் கட்டியவன், நாற்காலி சுமந்தவன், ஜெனரேட்டருக்குக் காவல் இருந்தவன், எல்லோரும் அன்றாடக் கூலிகள். விழா தொடங்கும்போது அவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது.

யார் படம் என்பது சின்ன விஷயமல்ல. சர்க்கார் விளம்பரங்களில் ஜனாதிபதி, பிரதம மந்திரி, இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் படம் மட்டுமே வரலாம் என்று 2015 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் கோர்ட்டுக்கு ஓடின. 2016 மார்ச்சில் கவர்னர், முதலமைச்சர், மந்திரிகள் படத்துக்கும் அனுமதி வாங்கிவந்தன. ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்க இருபது வருஷம் வழக்காடும் சர்க்கார்கள், தங்கள் முகத்துக்காகப் பத்தே மாதத்தில் நியாயம் பெற்றுவிட்டன!

இப்படிக் கணக்குப் போட்டு அமைத்த திரையில் எது வராது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது, தொழிலாளிகள் மாண்டார்கள். இரண்டு மாதம் முடியவில்லை. ஜூலை 1ந் தேதி காலையில் அதே நிலையத்தில் இன்னொரு யூனிட் வெடித்தது. அன்றே 6 கான்ட்ராக்ட் தொழிலாளிகள் கருகி மாண்டார்கள். 17 பேர் காயமடைந்தார்கள். ஆஸ்பத்திரியில் மேலும் பலர் உயிரிழந்தார்கள். கோவையில் விழா நடந்தபோது அந்த வீடுகளில் எட்டு மாதத் துக்கம்கூட முடியவில்லை. நெய்வேலியில் மேடை போட்டிருந்தால் அந்தத் தாய்மார்கள் எதிரே நின்றிருப்பார்கள். கோவையில் போட்ட மேடைக்கு அந்தத் தொல்லை இல்லை.

கோவையிலாவது திறக்க வேண்டிய கதவு இல்லையா? இருந்தது! 2020 மார்ச் ஊரடங்கில் மூடப்பட்ட என்.டி.சி. பஞ்சாலைகள் மத்திய சர்க்காரின் சொந்த ஆலைகள். அவற்றைத் திறந்து முழுச் சம்பளம் கொடு என்று கோவைத் தொழிலாளர்கள் மாதக் கணக்கில் போராடினார்கள். 300 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நிலையத்தைத் திறக்க ஒரு பட்டன் போதுமானதாக இருந்தது. பக்கத்திலிருந்த ஆலைக் கேட்டைத் திறக்க மட்டும் கை நீளவில்லை.

பழைய சரித்திரத்தையும் பாருங்கள். 1957 மே 20ந் தேதி நேரு நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது 1961 ஆகஸ்ட் 24ந் தேதி. இடையில் நாலு வருஷம் மூன்று மாதம்! விழா ஒரு நாள். வேலை ஆயிரத்து ஐந்நூறு நாள். அத்தனை நாளும் மண்ணை வெட்டி, ஊற்று நீரை இறைத்து, வெயிலில் கருத்தது யார்? 1962ல் சோவியத் உதவியுடன் அங்கே முதல் மின்சாரம் பிறந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பு மண் வந்தது என்று சரித்திரம் சொல்கிறது. முதலியார் பெயர் இருக்கிறது. அந்தக் கிணற்றை வெட்டியவன் பெயர் எங்கே?

ஆள் பெயர்தான் இல்லை, ஊர்ப் பெயராவது மிஞ்சியதா? நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் என்ற பெயரை 2016ல் என்.எல்.சி. இந்தியா என்று மாற்றினார்கள். ஊரின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியது. நெய்வேலி மட்டுமல்ல, பல மாநிலங்களில் தொழில் நடத்துகிறோம் என்று காரணம் சொன்னார்கள். பெற்ற ஊரின் பெயரை வைத்துக்கொண்டே பிற மாநிலத்தில் தொழில் செய்ய முடியாதா? பெயர் பங்குச் சந்தைக்காரன் காதுக்கு இனிக்க வேண்டும் என்பதே இதன் அந்தரங்கம். 2013ல் 5 சதவீதப் பங்கை விற்கப் புறப்பட்டபோது நெய்வேலித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைசியில் தமிழக சர்க்காரின் நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்குகளை வாங்கின. அவை தனியார் கைக்குப் போகவில்லை. இந்த ஸ்தாபனம் பொதுச்சொத்தாக நிற்பதற்கு எந்த விளம்பரக் கம்பெனியும் காரணமல்ல. கேட்டில் உட்கார்ந்த தொழிலாளிதான் காரணம்.

வயல் தொழிலாளித் தோழர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. 2023 ஜூலை 26ந் தேதி வளையமாதேவியில், இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்ப, கதிர் விடும் நெற்பயிரில் யந்திரங்களை இறக்கினார்கள். நிலம் முன்பே எங்களுடையது என்றது நிர்வாகம். பயிர் யாருடையது? ஹைகோர்ட் தலையிட்டு ஏக்கருக்கு 40,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. அது நிலத்தில் பயிர் வைத்தவருக்கு. அந்த வயலில் நாற்று நட்டுக் களை எடுத்து, அறுவடைக் கூலிக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு எந்தக் கோர்ட் கணக்குப் பார்த்தது? அந்த யந்திரத்துக்கு முன்னால் நாடா வெட்டவில்லை, பின்திரை கட்டவில்லை, குறும்படம் எடுக்கவில்லை. எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்!

"ஒரு மின் நிலையம் திறந்தால் விழா எடுக்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். தாராளமாக எடுக்கலாம். 1,000 மெகாவாட் நம் உழைப்பு. அதில் பெரும் பங்கு தமிழ்நாட்டு வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் பம்ப் செட்டுகளுக்கும் வருகிறது. அதைக் கண்டு நம்மைவிட மகிழ்கிறவர் யார்? உழைப்பவன் விழாவை வெறுப்பவனல்ல. தன் விழாவில் தன்னையே வெளியே நிறுத்துவதைத்தான் வெறுக்கிறான்.

ஆகவே நாம் கேட்கிறோம்:

பொதுத்துறை நிலையத்தின் திறப்பு விழா அந்த நிலையத்திலேயே நடக்கட்டும். முன்வரிசையில் நிலம் கொடுத்த குடும்பமும், கொதிகலனில் மாண்டவர் குடும்பமும், கான்ட்ராக்ட் தொழிலாளியும் உட்காரட்டும்.

பந்தல், பின்திரை, விளம்பரம் எல்லாவற்றின் செலவையும் எழுதி ஆலைக் கேட்டில் ஒட்டுங்கள். அதன் பக்கத்திலேயே கொதிகலன் பராமரிப்புச் செலவையும் ஒட்டுங்கள். ஜனங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சர்க்கார் விழாவும் கட்சிக் கூட்டமும் ஒரே பயணத்தில் நடக்கக் கூடாது. எந்தக் கட்சி ஆண்டாலும் கூடாது.

கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயருக்குக் கீழே, மண்ணோடு போன கிராமங்களின் பெயரையும் உயிரைக் கொடுத்த தொழிலாளிகளின் பெயரையும் வெட்டுங்கள். நிரந்தர வேலையில் இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்குங்கள். அதைவிடப் பெரிய அர்ப்பணம் நெய்வேலிக்கு வேறில்லை.

கோவை மேடையை அன்றிரவே பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். நெய்வேலியில் கொதிகலன் இன்றும் எரிகிறது. அதன் வாயிலில் இன்றும் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி நிற்கிறான். படம் எடுக்க அங்கே யாரும் வருவதில்லை. ஷிப்ட் மாறும்போது, வெந்து வியர்த்து வெளியே வரும் அவனை வழிமறித்து, "இந்த வெளிச்சம் உன்னுடையது" என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.