ஒன்றரை மணிக்குப் பிறகு

இந்த மாதச் சம்பளச் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மத்திய சேமநிதிக்குப் போகும் பெரிய தொகைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பிடித்தம் இருக்கும்: சிண்டா நிதி. மாதம் 2,500 வெள்ளிக்கு மேல் 4,500 வெள்ளி வரை சம்பாதிப்பவருக்கு 7 வெள்ளி. 7,500 வரை என்றால் 9 வெள்ளி. ஆகக் குறைவு 1 வெள்ளி, ஆக அதிகம் 30 வெள்ளி. நம்மில் பலருக்கு அது இரண்டு பரோட்டா, ஒரு தே தாரே கணக்குதான்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்று என் வயதுக்காரர்களிடம் கேட்டால், "டியூஷனுக்கு" என்று பட்டென்று பதில் வரும். தவறில்லை. 1980களில் இந்திய மாணவர்களின் தேர்வு முடிவுகள், குறிப்பாகக் கணிதத்தில், சமூகத்தைக் கவலைப்பட வைத்தன. அந்தக் கவலையில் 1991ல் பிறந்ததுதான் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். 'ஸ்டெப்' துணைப்பாட வகுப்புகள் இன்றும் அதன் முக்கியமான பணிகளில் ஒன்று. சிண்டா, மெண்டாக்கி, சீனர் சுயஉதவிக் குழு, யுரேஷியர் சங்கம் நான்கும் சேர்ந்து நடத்தும் கூட்டு வகுப்புகளும் உண்டு. வீட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்கு எந்த இனத்துப் பிள்ளையும் போகலாம்.

ஆனால் டியூஷன் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி கடிகாரத்தில் இருக்கிறது.

நம் தொடக்கப்பள்ளிகள் காலை ஏழரை வாக்கில் தொடங்கி, பிற்பகல் ஒன்றரை வாக்கில் முடிகின்றன. அம்மாவோ அப்பாவோ வேலை முடிந்து வீடு வந்து சேர மாலை ஏழாகிவிடுகிறது. நடுவில் ஐந்தரை மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்று பெருக்கினால் இருபத்தேழு மணிக்கும் மேல். ஒரு பிள்ளை வகுப்பறையில் இருக்கும் நேரத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். அதாவது நாம் பள்ளியைப் பற்றி எவ்வளவு பேசுகிறோமோ, அதே அளவு இந்த ஒன்றரை மணிக்குப் பிந்திய நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

வசதியான வீட்டில் அந்த நேரம் தானாகவே நிரம்பிவிடும். பாட்டி இருப்பார், இல்லாவிட்டால் பணிப்பெண் இருப்பார். ஒரு நாள் நீச்சல், ஒரு நாள் கீபோர்டு, ஒரு நாள் கணக்கு டியூஷன். வேறு சில வீடுகளில், வாடகை வீட்டின் ஒரே அறையில், கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டு வந்த பிள்ளை தானே கதவைத் திறந்துகொள்கிறது. மேகி மீயைக் கிளறிக்கொள்கிறது. கைத்தொலைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. பள்ளிப்பாடத்தில் ஒரு கணக்கு புரியவில்லை என்றால் அது புரியாமலேயே மறுநாள் பைக்குள் போகிறது. அப்படிப் பத்து நாள் போனால், பள்ளிக்குப் போகவே மனம் வராது.

2018ல் அமைச்சர் இந்திராணி ராஜா தலைமையில் அமைந்த 'அப்லிஃப்ட்' பணிக்குழு இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. நெடுநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகள், பள்ளி முடிந்தபின் போக இடமில்லாத பிள்ளைகள், அவர்களின் குடும்பச் சூழல் எல்லாவற்றையும் அது சேர்த்துப் பார்த்தது. பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்துத் தூக்கிவிட முடியாது என்பதுதான் அதன் அடிப்படை.

இது எவ்வளவு உண்மை என்பதை ஓர் அக்காதான் எனக்குப் புரியவைத்தார். ஒரு சமூக நிகழ்ச்சியை நெறிப்படுத்தப் போயிருந்தேன். மேடை வேலை முடிந்து கிளம்பும்போது, "தம்பி, உங்க குரல கேட்டுத்தான் காலையில வேலைக்குக் கிளம்புறேன்" என்று வந்து பேசினார். துப்புரவு வேலை, மாறி மாறி ஷிப்ட். மகன் தொடக்கநிலை நான்கு. துணைப்பாட வகுப்பில் சேர்த்து, மூன்றாவது வாரமே நின்றுவிட்டான்.

"அவனுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிக்காம என்ன! தங்கச்சிய பாலர் பள்ளியிலேர்ந்து யார் கூட்டிட்டு வர்றது? அவன்தான் போகணும். ரெண்டும் ஒரே நேரம்."

வருகைப் பதிவேட்டில் அது வெறும் 'வரவில்லை'. வராத பிள்ளைக்கும் வரமுடியாத பிள்ளைக்கும் ஒரே குறிதான். அந்தப் பையனின் நல்ல நேரம், வகுப்பு நடத்திய ஆசிரியை தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார். அம்மா வீட்டில் இருக்கும் சனிக்கிழமைக்கு வகுப்பு மாறியது. செலவே இல்லை. ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். முதலில் காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க தம்பி?" இந்த நாலு பேர் யார் என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் நம் வீடுகளில் எத்தனையோ விண்ணப்பப் படிவங்களைத் தடுத்து நிறுத்தியவர்கள் அவர்கள்தான்.

ஆகவே பெற்றோருக்கு முதலில் சில வார்த்தைகள்.

இன்று தொடக்கப்பள்ளிகளிலேயே மாணவர் பராமரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டாமலேயே சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடித்து, விளையாடி, மாலைவரை பாதுகாப்பாக இருக்கலாம். நான்கு சுயஉதவிக் குழுக்களும் சேர்ந்து நடத்தும் 'பிக் ஹார்ட்' நிலையங்களும் அவற்றில் அடக்கம். கட்டணத்தைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் காம்கேர் வழியாகக் கட்டணக் கழிவு உண்டு. புத்தகம், சீருடை போன்றவற்றுக்குக் கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டம் தனியாக இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்திலோ வகுப்பாசிரியரிடமோ கேளுங்கள். அக்கம்பக்கத்துக் குடும்பச் சேவை நிலையமும் வழிகாட்டும்.

கேட்கும்போது உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். "பிள்ளை சோம்பேறி" என்று பழியை அவன்மேல் போட்டு முடித்துவிடாதீர்கள். இரவு வேலை, படுத்த படுக்கையான மாமியார், பேருந்துக் காசு, வீட்டில் மேசை இல்லாதது என்று எதுவானாலும் சொல்லுங்கள். சொன்னால்தான் நேரத்தை மாற்றலாமா, இடத்தை மாற்றலாமா என்று எதிரில் இருப்பவர் யோசிக்க முடியும். தொடக்கநிலை ஆறு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பெருக்கல் வாய்ப்பாட்டில் விழுந்த ஓட்டையைப் பின்னத்தில் அடைப்பது கடினம்.

அடுத்து, சம்பளச் சீட்டு வைத்திருக்கும் என் வயதுக்காரர்களுக்கு. மாதப் பிடித்தம் வகுப்பறையையும் ஆசிரியரையும் தரும். பிள்ளையின் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆளைத் தராது. வாசிக்கத் துணை, வழிகாட்டி, வீட்டுப்பாட உதவி என்று தொண்டூழியர்கள் தேவைப்படும் இடங்கள் நிறைய. சேர்வதற்கு முன் உங்கள் நாட்காட்டியை நேர்மையாகப் பாருங்கள். தீபாவளிக்கு முன் ஒரு நாள் வந்து, அன்பளிப்புப் பை கொடுத்து, படம் எடுத்துப் போவது எளிது. வாரம் ஒரு மாலை, அதே நாள், அதே நேரம், ஓர் ஆண்டு முழுவதும் வருவதுதான் கடினம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியதும் அதுதான்.

ஏற்கெனவே அதன் வாழ்க்கையில் பலர் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போயிருப்பார்கள். அதனால் முதல் இரண்டு மாதம் அது உங்களோடு சரியாகப் பேசக்கூடப் பேசாது. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று பார்க்காது. அடுத்த வாரமும் வருகிறீர்களா என்றுதான் பார்க்கும். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள், யாரிடமும் காட்டாத சிவப்பு மை பட்ட தேர்வுத்தாளைப் பையிலிருந்து எடுத்து உங்கள் முன் வைக்கும். பாடம் அன்றைக்குத்தான் தொடங்கும்.

வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்க முடியுமென்றால், வேறெதையும் யோசிப்பதற்கு முன் எந்தக் கிழமை என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.