சாட்பாட்டிடம் மனம்விட்டுப் பேசலாமா? எங்கள் நிலைப்பாடு

பெங்களூரில் மனநல ஆலோசனை வழங்கும் எங்கள் அமைப்பிடம் பெற்றோரும் கல்லூரிகளும் ஐ.டி. நிறுவனங்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பேசலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் அதைச் சிகிச்சை என்று சொல்லி யாரும் விற்கக் கூடாது.

தேவை பெரிது. நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை எட்டவில்லை. பி.ஜி. விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் காதில் விழாமல், நள்ளிரவில் மனதில் உள்ளதைத் தட்டச்சு செய்ய முடிவது சின்ன உதவியல்ல. டாக்டரிடம் என்ன சொல்வது என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கவும் அது கைகொடுக்கும்.

எங்கள் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர் கதவைப் பூட்டினேனா, கையில் கிருமி இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்பார். ஒவ்வொரு முறையும் "ஒன்றும் ஆகாது" என்று சமாதானம் சொன்னால் நோய்தான் வளரும். அந்தச் சமாதானத்தைப் படிப்படியாகக் குறைப்பது சிகிச்சையின் பாலபாடம். வீட்டார் நாலாவது தடவை அலுத்துக்கொள்வார்கள். (அந்த அலுப்பும் ஒரு வகையில் நல்லதே.) செயலிக்கு அலுப்பில்லை; நாற்பதாவது தடவையும் அதே கனிவோடு பதில் சொல்லும். சந்தேக நோய் உள்ளவர் தன் சந்தேகத்தைச் சொன்னாலும் அது ஆமாம் போடக்கூடும். அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்பதற்காக ஓபன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில், தற்கொலை செய்துகொண்ட 16 வயதுச் சிறுவனின் பெற்றோர் சாட்ஜிபிடியைக் காரணம் காட்டி அந்நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் ஏஐ நேரடியாக மனநலச் சிகிச்சை தருவதைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது.

முழுத் தடையை நாங்கள் கேட்கவில்லை. உயிராபத்துக்கான அறிகுறி தென்பட்டால் செயலி மேற்கொண்டு ஆறுதல் பேசிக்கொண்டிருக்காமல், டெலிமானஸ் 14416 போன்ற உதவி எண்ணுக்கு ஆளை உடனே அனுப்ப வேண்டும். 2022இல் தொடங்கிய அந்த அரசுச் சேவை இலவசம். 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

ஊழியர்களுக்காக இத்தகைய செயலிகளை வாங்கும் நிறுவனங்கள் இன்னொன்றையும் எழுத்தில் தர வேண்டும்: அங்கே பேசியது எதுவும் எச்.ஆர். மேசைக்கு வராது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தரும் வல்லுநர்கள் மீது சுமத்துகிறது. "நாங்கள் சிகிச்சை தரவில்லை, துணைதான்" என்று சொல்லும் செயலி அந்தப் பொறுப்பிலிருந்து எளிதாக நழுவிவிடும்.

எங்கள் ஆலோசகர்களுக்கும் விதி உண்டு. வந்தவர் பேசிய எதையும், பெயரை நீக்கிவிட்டாலும்கூட, பொதுச் செயலிகளில் பதிவேற்றக் கூடாது.