நனைவது உங்கள் வேட்டியல்ல, டாக்டர்

சென்ற இதழில் சிறுநீரியல் அறுவை மருத்துவர் ஒருவர் முதியவர்களுக்கு எழுதியிருந்த அறிவுரையைப் படித்தேன். எழுபதைத் தாண்டியவருக்குப் புராஸ்டேட் புற்று என்று தெரிந்தால் யோசிக்கவே கூடாதாம். சுரப்பியை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். வயது ஒரு பொருட்டில்லையாம். ரோபோ வந்த பிறகும் பின்விளைவு என்று பேசுவது பழைய பஞ்சாங்கமாம். அப்படியே கொஞ்சம் கசிந்தாலும், உயிர் பெரிதா வேட்டி நனைவது பெரிதா என்று கேட்டு முடித்திருக்கிறார். மேடையில் கைதட்டல் வாங்கக்கூடிய கேள்விதான். ஆனால் கத்தி வைத்தால் உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்பதை அவர் கட்டுரையில் எங்கும் நிறுவவில்லை. கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு விலை பேசுகிறார்.

அவருடைய வாதம் மொத்தமும் ஓர் உவமையின் மேல் நிற்கிறது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் அடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பீர்களா என்கிறார். என்ன பாம்பு என்று முதலில் பாருங்கள் ஐயா என்பான் கிராமத்தில் வளர்ந்த எவனும். சாரைக்கும் நல்லபாம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் தடியெடுப்பவன் வீட்டுச் சாமானைத்தான் உடைப்பான். இந்த நோயில் அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் 1960களில் டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஒரு மதிப்பெண் முறையை உண்டாக்கினார். பயாப்சியில் எடுத்த துணுக்கில் செல்களின் அமைப்பு எவ்வளவு குலைந்திருக்கிறது என்று பார்த்துப் போடுவது அது. இன்றைய நடைமுறையில் 6 என்றால் சாது; 9, 10 என்றால் பொல்லாதது. கிளீசன் 6ஐப் புற்று என்ற பெயரால் அழைக்கலாமா என்பதிலேயே மருத்துவர்களுக்குள் சண்டை ஓயவில்லை. எண்பதைக் கடந்து வேறு காரணத்தால் இறந்தவர்களின் உடலைச் சோதித்தால், ஏறத்தாழப் பாதிப் பேரின் சுரப்பியில் புற்றுச் செல்கள் இருக்கும். அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, மாரடைப்பிலோ நிமோனியாவிலோ போனவர்கள் அவர்கள்.

இவ்வளவு நீளக் கட்டுரையில் கிளீசன் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. இதை மறதி என்று நான் நம்பத் தயாரில்லை. அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், என் அப்பாவுக்கு எத்தனை என்று வாசகர் தன் ரிப்போர்ட்டைத் தேடிப் போயிருப்பார்.

சரி, உயிர் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுவோம். பிரிட்டனில் புரொடெக்ட் என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. 50 முதல் 69 வயது வரை, புற்று சுரப்பியைத் தாண்டாத 1,643 பேரை யார் விருப்பத்துக்கும் விடாமல் குலுக்கிப் போட்டு மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுவை, ஒன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவது குழுவுக்கு பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனையைப் பார்த்துக்கொண்டே கண்காணிப்பு. 15 ஆண்டு நிலவரம் 2023இல் வெளியானது. புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் அறுவைக் குழுவில் 2.2 சதவீதம், கதிர்வீச்சில் 2.9, கண்காணிப்பில் 3.1. இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கலாம் என்கிறது புள்ளியியல். அதே 15 ஆண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 21.7 சதவீதம். அதாவது இந்தப் புற்று ஒருவரைக் கொண்டுபோன காலத்தில் இதயமும் நுரையீரலும் மற்ற நோய்களும் ஏழு பேரைக் கொண்டுபோயின. எழுபதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கு இது. டாக்டர் கூப்பிடுவதோ எழுபதுக்கு மேலே உள்ளவர்களை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது; அறுவைக் குழுவில் 4.7தான். கண்காணிப்புக் குழுவில் பத்துக்கு ஆறு பேர் பிற்பாடு ஏதோ ஒரு சிகிச்சைக்குப் போனார்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1989 முதல் நடந்த இன்னொரு ஆய்வில் அறுவை உண்மையாகவே உயிர்களைக் காத்தது. ஆனால் அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிஎஸ்ஏ சோதனை பரவுவதற்கு முன் கண்டறியப்பட்டவர்கள். பலருக்குக் கட்டி விரலுக்கே தட்டுப்பட்டிருந்தது. அப்போதும் உயிர் காத்த பலன் 65க்குக் கீழே இருந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு முன்னால் முப்பது ஆண்டு கிடக்கிறது. மெல்ல ஊரும் நோய்க்கும் அவரைப் பிடிக்க அவகாசம் உண்டு. சர்க்கரையும் ஸ்டென்ட்டுமாக இருக்கும் எழுபத்தாறு வயதுக்காரரிடம் அதே கணக்கைப் போட முடியாது. டாக்டருக்குச் சாதகமாக வாதாட ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ஆதாரம் தேடவே இல்லை. பாம்பைக் காட்டினார், பயமுறுத்தினார், போய்விட்டார்.

இப்போது ரோபோ. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 326 பேரைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும் பாதிப் பேருக்கு ரோபோவாலும் செய்து பார்த்தார்கள். இரண்டாண்டு முடிவு 2018இல் வந்தது. ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. சிறுநீரை அடக்கும் திறனிலும் ஆண்மையிலும் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ரோபோ வந்தபின் பின்விளைவுப் பேச்சே பழைய பஞ்சாங்கம் என்று எழுதுகிறவர் இதைப் படிக்கவில்லையா, படித்தும் எழுதவில்லையா? பில் மட்டும் லட்சங்களில் ஏறுகிறது என்பதைப் பணம் கட்டிய பிள்ளைகள் சொல்வார்கள்.

ஏன் கசிகிறது என்பதையாவது விளக்கியிருக்கலாம். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்தை ஒட்டி இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. சுரப்பியை எடுப்பதென்றால் குழாயையும் அந்த இடத்தில் வெட்டி, பையைக் கீழே இழுத்துக் குழாயின் மீதி முனையோடு தைக்க வேண்டும். அதுவரை உள் தசையும் வெளித் தசையுமாகச் சேர்ந்து பிடித்துவைத்த நீரை, இனி வெளித் தசை ஒற்றை ஆளாகப் பிடிக்க வேண்டும். இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் கசிவது இதனால்தான். வயது ஏற ஏற அந்தத் தசை மீண்டு வருவது தாமதமாகும், சிலருக்கு வராமலே போகும். புரொடெக்ட் ஆய்வில் அறுவை முடிந்த ஆறாம் மாதம் 46 சதவீதம் பேர் பேட் வைத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் ஆண்டிலும் 24 சதவீதம். கண்காணிப்புக் குழுவில் வயோதிகத்தாலும் பிற்பாடு வந்த சிகிச்சையாலும் 11 சதவீதம். கதிர்வீச்சுக்குப் போனவர்களுக்கு வேறு தொல்லை: பன்னிரண்டாம் ஆண்டில் 12 சதவீதம் பேருக்கு மலக்கசிவு, மற்ற இரண்டு குழுவைப்போல இரண்டு மடங்கு. எந்த வழியும் இலவசமில்லை. அதனால்தான் தேர்வு நோயாளியிடம் இருக்க வேண்டும்.

வேட்டி நனைவது சில்லறை விஷயம் என்கிறாரே, அதற்கு வருகிறேன். என் பெரியப்பா மகன், எங்கள் வீட்டில் மூத்தவர், கும்பகோணம் பக்கத்துக்காரர். கிளீசன் 6. ஒரு மருத்துவமனையில் இதே பாம்புக் கதையைச் சொல்லி எழுபத்திமூன்று வயதில் அறுத்தார்கள். டியூபை எடுத்த பிறகு வீட்டுக்கு வந்தவர் அதற்கப்புறம் வெள்ளை வேட்டி கட்டுவதை விட்டார். கருநீலத்தில் தொளதொள பேன்ட். எங்கே போனாலும் துணிப்பைக்குள் மாற்று உடுப்பும் மடித்த செய்தித்தாளும். மெடிக்கல் ஷாப்பில் டயப்பர் கேட்க வெட்கப்பட்டு, தெரிந்த கடையைத் தாண்டி ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஊரில் வாங்குவார். கறுப்புக் கவரில் சுற்றித்தான் வீட்டுக்குள் வரும். கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தவர் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், பாத்ரூம் கதவு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறார். கோயிலுக்குள் போவதில்லை, தேரடியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார். சுத்தமாக இல்லை என்கிறார், வேறொன்றும் சொல்வதில்லை. உளூ செய்து தொழுகைக்கு நிற்கும் பெரியவரைக் கேளுங்கள், ஒரு சொட்டு என்பது எவ்வளவு என்று. டாக்டர், நனைவது உங்கள் வேட்டியல்ல.

ஆண்மையைப் பற்றி ஒற்றை வரியில் கிண்டல் செய்துவிட்டுத் தாண்டுகிறார்: பேரன் எடுத்த வயதில் அதெல்லாம் எதற்காம். சுரப்பியின் இருபுறமும் நூல்போல ஓடும் நரம்புகளைக் காப்பாற்றிக்கொண்டு அறுக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் 1982இல் செய்து காட்டினார். உலகம் முழுவதும் அறுவை மருத்துவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த நரம்புகளைப் பிடித்துக்கொண்டு பாடுபடுவது எதற்காக? எழுபதுக்கு மேல் ஆண்மை மீண்டு வருவது அரிது என்பதும் உண்மை. அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டியது மருத்துவர் கடமை. வேண்டுமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்த மனிதரும் அவர் மனைவியும். ஐம்பது வருஷம் ஒரே அறையில் படுத்தவர்களுக்கு நடுவே டாக்டருக்கு என்ன வேலை?

இதைவிட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பெரியவரிடம் சொல்லிக் குழப்பாமல் பிள்ளைகளே முடிவெடுப்பது நல்லது என்ற டாக்டரின் யோசனை. ரேஷன் கடையில் கைரேகை வைக்க அவர் வேண்டும், பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர் வேண்டும், தன் உடம்பை என்ன செய்வது என்று கேட்க மட்டும் அவர் வேண்டாமா? பிள்ளை சென்னையிலோ நியூஜெர்ஸியிலோ இருந்துகொண்டு, அப்பாவுக்குச் செய்யாமல் விட்டேன் என்ற பழி வரக்கூடாது என்ற பதற்றத்தில் சரி என்று சொல்வான். அந்தச் சரிக்கு டயப்பர் மாற்றுவது எழுபது வயது அம்மா.

பிரபலங்களைச் சாட்சிக்கு அழைப்பது எனக்குப் பிடிக்காது, ஆரம்பித்தது அவர். ஜோ பைடனுக்கு 2025இல் புற்று எலும்புக்குப் பரவிய நிலையில் தெரியவந்ததைக் காட்டி, அப்போதே அறுத்திருந்தால் என்கிறார். பைடனுக்கு வந்தது கிளீசன் 9. அது நோயை முன்கூட்டியே கண்டறியும் சோதனை பற்றிய விவாதம். கிளீசன் 6 முதியவரைக் கத்திக்கு அனுப்ப அதில் ஒரு நியாயமும் இல்லை. அவர் விட்டுவிட்ட பெயர் லாய்ட் ஆஸ்டின். அப்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர், எழுபது வயது. 2023 டிசம்பர் 22 அன்று வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிறுதுளை வழியாகச் சுரப்பியை எடுத்தார்கள். புத்தாண்டு அன்று கடும் வலியோடு திரும்ப வந்தார். சிறுநீர்த் தொற்று, வயிற்றுக்குள் நீர்க்கோப்பு, தீவிர சிகிச்சைப் பிரிவு. பிப்ரவரியில் சிறுநீர்ப்பைக் கோளாறுக்கு மறுபடியும் அனுமதி. உலகின் மிக வலிமையான ராணுவத்தை நடத்தியவர் தனக்கு என்ன நோய் என்பதைத் தன் ஜனாதிபதியிடமே சொல்லாமல் மறைத்தார், பிறகு மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அந்த அறுவை தேவைப்பட்டிருக்கலாம். தீர்ப்புச் சொல்ல நான் யார்? சாதாரண விஷயம் என்று மட்டும் எழுதாதீர்கள் என்கிறேன். நெல்சன் மண்டேலாவுக்கு 83 வயதில் இந்த நோய் தெரிந்தது. கதிர்வீச்சு எடுத்துக்கொண்டு 95 வரை இருந்தார். எந்தக் கத்தியையும் வாங்கக்கூடிய வாரன் பஃபெட்டும் 81 வயதில் கதிர்வீச்சுக்குத்தான் போனார்.

இதைப் படித்துவிட்டுப் பூசணி விதைக் கோஷ்டி கொண்டாட வேண்டாம். வயதானவருக்கு இந்தப் புற்று ஒன்றும் செய்யாது, கஷாயம் போதும் என்று யூடியூபில் பேசுகிறவர்கள் டாக்டரைவிட ஆபத்தானவர்கள். கிளீசன் 8, 9 என்று வந்து, மற்றபடி ஆள் திடமாக நடமாடுகிற எழுபத்திரண்டு வயதுக்காரரைச் சும்மா விடுவதும் குற்றம்தான். அவருக்கு அறுவையோ, ஹார்மோன் ஊசியோடு கதிர்வீச்சோ பேசியே ஆக வேண்டும். எலும்புக்கு ஏறிய இந்த நோயின் வலி எப்படிப்பட்டது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எழுபது என்ற எண்ணை வைத்துக்கொண்டு அறு என்பதும் தவறு, அறுக்காதே என்பதும் தவறு. உலகம் முழுக்க முதியோர் புற்று மருத்துவம் இன்று முதலில் பார்ப்பது ஆள் எப்படி நடக்கிறார், ஞாபகம் எப்படி, எடை குறைகிறதா, இன்னும் பத்தாண்டு வாழக்கூடிய உடம்பா என்பதை. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கு முன்னோடி சென்னை மருத்துவக் கல்லூரி. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வயது பொருட்டல்ல என்று எழுத ஒரு துணிச்சல் வேண்டும்.

அறுவைக்குப் போகிறவருக்காவது உருப்படியாக ஏதும் சொன்னாரா? இடுப்படித் தசையை இறுக்கிவிடும் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி இல்லை. கசிவு தீராதவர்களுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்த முடியும் என்பதற்கும் இடமில்லை. தன் நோயாளிகளில் கிட்டத்தட்ட எல்லோரும் கசிவில்லாமல் இருக்கிறார்கள் என்று பெருமைப்பட மட்டும் இடம் இருந்திருக்கிறது. இந்தத் துறையில் நாளொன்றுக்கு ஒரு பேட் வைப்பவரையும் கசிவில்லாதவர் கணக்கில் சேர்க்கிற பழக்கம் பலரிடம் உண்டு.

எனவே அவர் பதில் எழுதினால் பாம்பை விட்டுவிட்டு இதை எழுதட்டும்: எழுபதைத் தாண்டிய எத்தனை பேருக்கு அவர் கையால் அறுத்தார், அதில் எத்தனை பேர் கிளீசன் 6, ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் பேட் இல்லாமல் பஸ் ஏறுகிறார்கள். ஒரு பேட்டையும் பேட் என்றே எண்ணட்டும்.